ஏழாம் பக்கத்துப் பிணம்

டெலிபோன் அலறியது.

காலை எட்டு மணி. மெரெரிட் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரையோடு ஓடி வந்து ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ..."

"மெரெரிட்டா? நான் எம்ரிஸ் பேசறேன். மேல்பண்ணை எம்ரிஸ்."

"சொல்லுங்க எம்ரிஸ்."

"ஒண்ணுமில்ல கண்ணு. நான் செத்துட்டேனாம். உன் பேப்பர்ல போட்டிருக்கு."

நுரை தொண்டைக்குள் இறங்கியது.

"என்ன சொல்றீங்க?"

"ஏழாம் பக்கம். கீழ. நாய்க்குட்டி விக்கிற விளம்பரத்துக்குப் பக்கத்துல. நல்லாத்தான் எழுதியிருக்காங்க. ரெண்டு தடவ படிச்சேன்."

"எம்ரிஸ்... எனக்கு ஒண்ணும் புரியல. யாரோ விளையாடியிருக்காங்க. மன்னிச்சுக்கங்க."

"மன்னிப்பெல்லாம் எதுக்கு? உயிரோட இருக்கறவன்கிட்ட கேக்கலாம். நான்தான் போயிட்டேனே." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஒண்ணு மட்டும் சொல்லு. இதுல போடறதெல்லாம் எப்ப உன் கைக்கு வரும்?"

"ஜூன் இருபதாம் தேதிதான் கடைசி நாள். அதுக்குள்ள வந்திருக்கணும்."

"ஜூன் இருபது..." மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. "சரி கண்ணு. நீ வேலையப் பாரு. எனக்குத் தோட்டத்துல லீக்குக்குத் தண்ணி ஊத்தணும்."

டொக்.

வாசல் மிதியடியில் கிடந்தது அந்த மாதப் பத்திரிகை.

'தாழ்ப்பாள்'.

பென்கார்த் கிராமத்துக்கும் அதைச் சுற்றியிருந்த பண்ணைகளுக்கும் சேர்த்து நானூறு பிரதிகள். ஒன்பது வருடமாக மெரெரிட்தான் ஆசிரியை. வாரத்தில் மூன்று நாள் நடமாடும் நூலக வண்டி ஓட்டுவாள். மீதி நேரத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் கார் ஓட்டும் தேர்வில் நாலாவது தடவையாகத் தேறினார்கள், யாருடைய பூனையைக் காணவில்லை என்று எழுதுவாள். பத்திரிகைக்கு ஒரே ஒரு விதி. யார் மனமும் நோகக்கூடாது. அதனால் ஒன்பது வருடத்தில் அதில் செய்தி என்று ஒன்றும் வந்ததில்லை.

எப்போதும் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமைதான் வெளிவரும். இந்த ஜூலையில் அச்சகத்துக்காரர் ஸ்பெயினுக்கு வெயில் காயப் போகிறேன் என்றதால் ஒரு வாரம் முன்னதாகவே அடித்துக் கொடுத்துவிட்டார். முதல் தேதி சாயந்திரத்துக்குள் வீடு வீடாகப் போய்விட்டது. முன்னதாக வந்த முதல் இதழ். மெரெரிட் நேற்று முழுக்க அந்தப் பெருமையில் மிதந்தாள்.

இப்போது ஏழாம் பக்கத்தைப் புரட்டினாள்.

'நன்றி' என்ற தலைப்பின் கீழே மாதா மாதம் வரும் பதினைந்து அறிவிப்புகள். பன்னிரண்டாவது...

'என் அன்புக் கணவர் எம்ரிஸ் மறைந்த துயரத்தில் ஆறுதல் சொன்ன அனைவருக்கும், சேப்பலில் ஜெபம் நடத்திய போதகருக்கும், தகன மண்டபம் வரை வந்த அக்கம்பக்கத்தாருக்கும், மலர் வளையம் அனுப்பிய லீக் வளர்ப்போர் சங்கத்துக்கும், சேப்பல் கூடத்தில் தேநீரும் சாண்ட்விச்சும் பரிமாறிய மைர், லோவ்ரி இருவருக்கும் என் உளமார்ந்த நன்றி. - நெஸ்டா, மேல்பண்ணை.'

கடை வாசலில் ஒரு தபால் பெட்டி உண்டு. ஊர்க்காரர்கள் அதில் சீட்டைப் போடுவார்கள். நன்றிச் சீட்டுகளை அவள் படிப்பதில்லை. யாருக்கு நன்றியோ அவர்களைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை. கட்டாகக் கட்டி அடுத்த பள்ளத்தாக்கில் தட்டச்சு செய்யும் பெண்ணுக்கு அனுப்பிவிடுவாள். பிழை திருத்துவது ஓய்வு பெற்ற கிரிஃபித் வாத்தியார்.

வாத்தியாருக்கு டயல் செய்தாள்.

"சார், ஏழாம் பக்கம் நீங்கதானே பாத்தீங்க?"

"பாத்தேன். மூணு ஒற்றுப்பிழை இருந்துச்சு. திருத்திட்டேன்."

"எம்ரிஸ் செத்துட்டார்னு போட்டிருக்கு சார்."

"ஆமா."

"அவர் உயிரோட இருக்கார் சார். போன ஞாயித்துக்கிழமை சேப்பல்ல உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தார். நீங்க ரெண்டு பேரும் ஒரே புஸ்தகத்தப் பாத்துப் பாடினீங்க."

வாத்தியார் யோசித்தார்.

"நான் எழுத்தைத்தான் பாப்பேன் மெரெரிட். ஆளப் பாக்கறதில்ல."

●

பத்து மணி.

மேகனின் கடை. தபால் நிலையமும் அதுதான், மளிகையும் அதுதான், நீதிமன்றமும் அதுதான். மெரெரிட் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது.

கல்லாவுக்குப் பின்னாலிருந்து மேகன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"வா, கொலகாரி."

"மேகன், நீயுமா?"

"பின்ன என்னடி? காலைல ஆறரைக்குப் பேப்பரப் படிச்சிட்டு அழுதுக்கிட்டே ரெண்டு கேக் சுட்டேன். ஏழரைக்கு அந்த மனுஷன் வந்து புகையிலை கேக்கறார். எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. இப்ப ரெண்டு கேக்க வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

"வித்துரு."

"துக்கத்துக்குச் சுட்டத விக்கறதா? நல்லாருக்கு நியாயம்."

மூலையில் ஒருவர் செருமினார். இத்வால். லாரி ஓட்டிய காலத்திலிருந்து லாரி இத்வால். இப்போது லாரி இல்லை, பெயர் மட்டும் ஓடுகிறது. லீக் என்கிற அந்த நெட்டை வெங்காயத்தை வளர்ப்பதில் எம்ரிஸுக்கு இருபது வருடப் போட்டியாளர். ஆகஸ்ட் கண்காட்சியில் இருபது வருடமும் இரண்டாம் பரிசு.

"எல்லாரும் என்னையே பாக்கறீங்க," என்றார் இத்வால். "நான் எழுதல."

மேகன் உதட்டைச் சுழித்தாள்.

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதையா இருக்கு. யாரும் கேக்கலையே."

"கேக்காட்டியும் சொல்வேன். எனக்கு எம்ரிஸ் சாகக்கூடாது. ஆகஸ்ட்டு வரைக்கும் கண்டிப்பா சாகக்கூடாது. இந்த வருஷம் என் லீக்கு என் தொடை தண்டி இருக்கு. அத அவன் கண்ணால பாக்கணும். பாத்துட்டு அப்பறம் எப்படி வேணா போகட்டும்."

கதவு மணி கிணுகிணுத்தது.

எல்லோரும் திரும்பினார்கள்.

நெஸ்டா.

மேல்பண்ணை எம்ரிஸின் மனைவி. அறுபத்தைந்து வயது. இஸ்திரி போட்ட மேலங்கி, ஒரு முடி கலையாத கொண்டை. ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் தட்டு சாண்ட்விச் அவளுடையதாக இருக்கும். யாராவது ஒரு முட்டை கொடுத்தால் சாயந்திரத்துக்குள் நன்றிக் கடிதம் வந்துவிடும்.

மெரெரிட் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

"நெஸ்டா, என்ன மன்னிச்சிருங்க. எப்படி நடந்துச்சுன்னே தெரியல."

"நீ என்னம்மா பண்ணுவ?" நெஸ்டா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "என் பேர்ல எவனோ எழுதிப் போட்டிருக்கான். மனசு கெட்டவன். நம்ம பெட்டிலதானே விழுந்திருக்கு? அப்ப நம்ம ஊர்க்காரன்தான்." பார்வை ஒரு கணம் இத்வால் மீது போய் வந்தது.

"நான் இல்லம்மா," என்றார் இத்வால்.

"நான் உங்க பேரச் சொல்லலையே இத்வால்." நெஸ்டா புன்னகைத்தாள். "மேகன், ஒரு பாக்கெட் கஸ்டர்ட் பவுடர் குடு. சீமை நெல்லிக்காய மாவுல வச்சு டார்ட் சுடப் போறேன். நல்ல பயம் பயந்திருக்கார் மனுஷன். வாய்க்கு ருசியா ஏதாவது பண்ணிப் போடலாம்னு..."

மேகன் உருகிப் போனாள்.

"உங்கள மாதிரி ஒரு பொண்டாட்டி வரக் குடுத்து வச்சிருக்கணும்."

"நாப்பத்தொரு வருஷம்," என்றாள் நெஸ்டா. "பழகிப் போச்சு."

கிளம்பும்போது வாசலில் கான்ஸ்டபிள் ஹவெல் எதிரே வந்தார். நாலு ஊருக்கு ஒரு கான்ஸ்டபிள். தொப்பியைக் கழற்றி நெஸ்டாவுக்கு வழிவிட்டார். அவள் போனதும் மெரெரிட் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹவெல், இதக் கொஞ்சம் விசாரிக்கணும்."

"எத?"

"ஏழாம் பக்கத்த."

"அதுவா? எங்க வீட்ல படிச்சுட்டு வயிறு வலிக்கச் சிரிச்சோம்." ஹவெல் கேக்கைப் பார்த்தார். "உயிரோட இருக்கறவனுக்கு நன்றி அறிவிப்பு போட்டா எந்தச் சட்டத்துல புடிக்கிறது? ஆள் செத்தாதான் கேஸு."

"செத்தப்பறம் புடிச்சு என்ன பிரயோஜனம்?"

"அதான் எங்க வேல மெரெரிட்." ஹவெல் மேகன் பக்கம் திரும்பினார். "ஒரு துண்டு வெட்டும்மா."

●

பதினொன்றரை.

சேப்பல் கூடம்.

முந்தாநாள் சாயந்திரம் எட்டுப் பேர் உட்கார்ந்து நானூறு பத்திரிகையை மடித்த மேசை இன்னும் விரித்தபடியே கிடந்தது. தேநீர்க் கோப்பைகள் கழுவாமல் கிடந்தன. மெரெரிட் அதைச் சுத்தம் செய்ய வந்திருந்தாள். மனசு அங்கே இல்லை.

எம்ரிஸ் கேட்டது காதில் குடைந்துகொண்டே இருந்தது.

ஜூன் இருபது...

வேடிக்கைக்கு எழுதுகிறவன் என்ன எழுதுவான்? எம்ரிஸ் செத்தான், லீக் பிழைத்தது என்று இரண்டு வரி. அதோடு முடிந்தது. இது அப்படி இல்லையே. போதகர், அக்கம்பக்கம், மலர் வளையம், டீ போட்டவர்கள்... ஒருத்தர் விடாமல். நாளைக்கு யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்ற பயத்தோடு எழுதின பட்டியல்.

இதை எழுதினவர் இந்த ஊரில் இன்னும் ரொம்ப நாள் இருக்க நினைக்கிறவர்.

மெரெரிட் சமையலறை அலமாரியைத் திறந்தாள். கோப்பைகளை அடுக்கினாள். அலமாரிக் கதவை மூடப் போனாள்.

கை நின்றது.

கதவின் உள்பக்கத்தில் குண்டூசியால் குத்தியிருந்தது ஒரு தாள். சாவு வீட்டுக்கு டீ போடும் முறை. மாதத்துக்கு இரண்டு பெண்கள்.

மே - மேகன், ஷான்.

ஜூன் - பெத்தான், ஆன்ஹரட்.

ஜூலை - மைர், லோவ்ரி.

மைர், லோவ்ரி.

ஜூலை.

சீட்டு பெட்டியில் விழுந்தது ஜூன் இருபதுக்குள். அப்போதே அதை எழுதினவருக்குத் தெரியும், எம்ரிஸ் சாகப்போவது ஜூனில் இல்லை... ஜூலையில் என்று.

இந்தத் தாள் இருப்பதே எந்த ஆணுக்கும் தெரியாது. சேப்பல் கட்டி நூற்றிருபது வருடத்தில் எந்த ஆணும் இந்த அலமாரியைத் திறந்ததில்லை. இத்வாலுக்குக் கோப்பை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

ஆக, எழுதினது பெண்.

ஏன் முன்கூட்டியே எழுதினாள்? செத்த பிறகு எழுதினால் என்ன?

மெரெரிட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பதில் அவளிடமே இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பதில்.

ஆகஸ்ட்டில் 'தாழ்ப்பாள்' கிடையாது.

கண்காட்சியும் லீவுமாக யாருக்கும் நேரம் இருக்காது. ஜூலையை விட்டால் அடுத்தது செப்டம்பர். ஜூலை முதல் வாரத்தில் செத்தவனுக்கு நன்றி செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் வரும். பத்து வாரம். பத்து வாரம் ஊர் என்ன பேசும்? "நம்ம சாண்ட்விச்சத் தின்னுட்டு ஒரு நன்றி சொல்லத் துப்பில்ல பாரு." அந்தப் பேச்சைத் தாங்க முடியாதவள் இந்த ஊரில் ஒருத்திதான். ஒரு முட்டைக்குச் சாயந்திரத்துக்குள் கடிதம் எழுதுகிறவள்.

கணவன் செத்து, எடுத்து, டீ குடித்து முடித்த அடுத்த நாள் பத்திரிகை வரவேண்டும். கணக்கு கச்சிதம். ஸ்பெயின் வெயில்தான் கெடுத்துவிட்டது.

சீமை நெல்லிக்காய் டார்ட்...

கஸ்டர்ட் பவுடர்...

மெரெரிட் எழுந்து ஓடினாள்.

●

பன்னிரண்டு பத்து.

சேப்பலுக்கு எதிரே சிவப்பு டெலிபோன் கூண்டு. காசைப் போட்டு ஹவெலின் ஸ்டேஷனுக்கு டயல் செய்தாள். அவர் அங்கே இல்லை. பாலத்தில் ஒரு கிடா பஸ்ஸை மறித்துக்கொண்டு நிற்கிறதாம். போயிருக்கிறார்.

"வந்ததும் மேல்பண்ணைக்கு வரச் சொல்லுங்க. உயிர் போற விஷயம்."

"கிடாவா?"

"எம்ரிஸ்."

"அவர்தான் செத்துட்டாரே? பேப்பர்ல..."

வைத்துவிட்டாள். அடுத்த காசு. மேல்பண்ணை.

மணி அடித்தது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"ஹலோ, மேல்பண்ணை."

நெஸ்டாவின் குரல். வெண்ணெய் போல.

"நெஸ்டா... நான் மெரெரிட். எம்ரிஸ் இருக்காரா?"

"இருக்கார். சாப்பிட்டுட்டிருக்கார்."

"ஒரு நிமிஷம் பேசணும். கூப்பிடறீங்களா?"

"சாப்பாட்டு நேரத்துல அவர் ஃபோனுக்கு வரமாட்டார்னு உனக்குத் தெரியாதாம்மா? என்கிட்ட சொல்லு, நான் சொல்லிடறேன்."

எதைச் சொல்வது? மெரெரிட் உதட்டைக் கடித்தாள். இவளை ஃபோனிலேயே நிறுத்தி வைக்கவேண்டும். அது மட்டும்தான் தோன்றியது.

"அது வந்து... கண்காட்சிக்கு... ஜாம் போட்டிக்கு யார் நடுவர்னு..."

"அத என்கிட்ட கேக்கலாமே. ஷான்தான்."

"ஷானா? போன வருஷமும் ஷான்தானே?"

"போன வருஷம் பெத்தான். மெரெரிட், உனக்கு உடம்பு சரியில்லையா? மூச்சு வாங்குது."

"இல்ல... கேக் போட்டிக்கு?"

"மேகன்."

"ரொட்டிக்கு?"

"மெரெரிட்," என்றாள் நெஸ்டா, மெதுவாக. "டார்ட் ஆறிப்போகுது."

டொக்.

●

மலைப்பாதை ஒரு கார் அகலம். மெரெரிட்டின் குட்டிக் கார் இரண்டாவது கியரில் அழுதுகொண்டே ஏறியது.

வளைவில் திரும்பினாள்.

ஆடுகள்.

நூறு இருக்கும். சாலை முழுக்க வெள்ளை வெள்ளையாக நின்று அவளைப் பார்த்தன. ஹாரனை அழுத்தினாள். ஒன்று தும்மியது. இறங்கி விரட்டினாள். இந்தப் பக்கம் விரட்டியது அந்தப் பக்கம் வந்து நின்றது. கண்ணில் நீர் முட்டியது.

நான் படித்துப் பார்த்திருந்தால்... ஒரே ஒரு சீட்டைப் படித்துப் பார்த்திருந்தால்... அந்த மனுஷன் செத்தால் அது என் பத்திரிகை, என் பெயர், என் கவனக்குறைவு.

இருபது நிமிடம்.

மேல்பண்ணை முற்றத்தில் காரை அப்படியே விட்டுவிட்டுச் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தாள்.

"எம்ரிஸ்... அத சாப்பிடாதீங்க."

மேசையில் எம்ரிஸ் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே தட்டு. காலி. கரண்டியை நக்கி வைத்தார்.

"லேட்டு கண்ணு. முடிச்சுட்டேன்."

மெரெரிட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்ரிஸ்... டாக்டரக் கூப்பிடணும். இப்பவே. அந்த டார்ட்ல..."

"கூப்பிட்டாச்சு. வந்து மேலதான் இருக்கார்."

"மேலயா?"

"நெஸ்டாகிட்ட."

அப்போதுதான் எதிர் நாற்காலி தெரிந்தது. பின்னால் தள்ளப்பட்டு, சாய்ந்து கிடந்தது. அதன் முன்னால் இன்னொரு தட்டு. கஸ்டர்டில் மூழ்கிய டார்ட். ஓரத்தில் இரண்டு வாய் மட்டும் எடுத்திருந்தது.

மாடியில் பலகை கிறீச்சிட்டது.

"உக்காரு," என்றார் எம்ரிஸ். "காலெல்லாம் இழுக்குதுன்னா. படுக்க வச்சேன். டாக்டர் கீழ்ப்பண்ணைக்குத்தான் வந்திருந்தார், உடனே வந்துட்டார்."

"என்ன நடந்துச்சு?"

எம்ரிஸ் புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். நிதானமாக.

"அவளுக்குச் சர்க்கர வியாதி. எப்பவும் ரெண்டு டார்ட் பண்ணுவா. எனக்குச் சர்க்கர போட்டு ஒண்ணு, அவளுக்குப் போடாம ஒண்ணு. ஆளுக்கொரு தட்டு. இன்னிக்கும் அப்படித்தான் வச்சா. அப்பத்தான் ஃபோன் அடிச்சுது. ஃபோன் கூடத்துல இருக்கு. அவ எழுந்து போனா."

மெரெரிட் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நான்தான் பண்ணேன்."

"தெரியும். ஜாம், கேக், ரொட்டி எல்லாம் கேட்டுச்சு. நல்லா நேரம் குடுத்த." தலையாட்டினார். "தட்டு ரெண்டையும் மாத்தி வச்சேன். மேல கஸ்டர்ட ஊத்தினேன். ரெண்டும் ஒண்ணு போல ஆயிருச்சு."

"உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா?"

"காலைலயே தெரியும். உனக்கு ஃபோன் பண்ணி தேதி கேட்டேனே."

"எப்படி?"

"தகன மண்டபம்னு போட்டிருந்துச்சே." எம்ரிஸ் ஜன்னல் வழியாகக் கீழே கைகாட்டினார். தூரத்தில் சேப்பல், அதைச் சுற்றிக் கல்லறைகள். "எங்கம்மா பக்கத்துல எனக்கு எடம் இருக்கு. கல்லுல என் பேரக்கூட வெட்டியாச்சு. ஊர்ல யாரக் கேட்டாலும் என்னப் புதைப்பாங்கன்னுதான் சொல்வாங்க. எரிக்கணும்னு சொல்ற ஆளு ஒருத்திதான். 'உங்கம்மா பக்கத்துல நானும் வந்து படுக்கணுமா? உயிரோட இருந்தப்ப பட்டது போதாதா?'ம்பா. இது நாலு சுவத்துக்குள்ள பேசினது. இத்வாலுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க மேல அவங்களுக்கு என்ன அவ்வளவு..."

"கடலோரத்துல சின்ன வீடு வேணும்னா. பண்ணைய விக்க மாட்டேன்னேன். பதினஞ்சு வருஷமா கேட்டா. பதினஞ்சு வருஷமா சொன்னேன்."

"பேப்பர் வந்ததுமே அவங்க நிறுத்தியிருக்கலாமே? ஊருக்கே தெரிஞ்சு போச்சே?"

"நெஸ்டாவா?" எம்ரிஸ் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நன்றி சொல்லி அச்சுலயும் வந்தாச்சு. அப்பறம் சாவு இல்லைன்னா எவ்வளவு அசிங்கம்?"

மெரெரிட் அந்தத் தட்டையே பார்த்தாள்.

"சர்க்கர போட்டது... முதல் வாய்லயே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரிஞ்சுது. முழுங்கிட்டு என்னப் பாத்தா. நான் சாப்பிட்டுட்டே இருந்தேன். சர்க்கர இல்லாம ஒரே புளிப்பு. வாயத் தொறந்து எதையும் சொல்ல முடியல அவளால. என்னன்னு சொல்லுவா? நான் பாத்துட்டிருந்தேனா... மரியாதைக்கு இன்னொரு வாயும் எடுத்தா."

மாடிப்படியில் காலடி. டாக்டர் இறங்கி வந்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே எம்ரிஸைப் பார்த்தார். தலையை இடமும் வலமுமாக அசைத்தார்.

அந்த அசைவுக்கு எல்லா மொழியிலும் ஒரே அர்த்தம்.

●

ஒன்றே கால்.

கான்ஸ்டபிள் ஹவெல் வந்தார். சட்டையில் கிடாவின் முடி. சமையலறையைச் சோதித்தார். ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது. மாவு டின்னுக்குப் பின்னால், தோட்டத்தில் குழி பறிக்கும் அகழெலிகளுக்கு வைக்கும் பழைய விஷ டப்பா. மூடியில் மாவு விரல் தடம். சின்ன விரல்கள்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"டார்ட் பண்ணது?"

"நெஸ்டா," என்றார் எம்ரிஸ்.

"நீங்க அடுப்புப் பக்கம் போனீங்களா?"

"இந்த வீட்ல நான் அடுப்புப் பக்கம் போனதே இல்ல. யாரை வேணா கேளு."

"தட்டு எப்படி மாறுச்சு?"

எம்ரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காய்ந்த கண்.

"அவ ஃபோன் பேசிட்டு வர்றதுக்குள்ள நானே பரிமாறலாம்னு நெனச்சேன் ஹவெல். காலைல பேப்பரப் படிச்சதும் மனசு என்னமோ ஆயிருச்சு. இருக்கறது கொஞ்ச நாள். கட்டினவளுக்கு ஒரு நாளாவது நம்ம கையால... கஸ்டர்ட் ஊத்தி, தட்ட எடுத்து அவ முன்னாடி வச்சேன். எது யாருதுன்னு எனக்கு என்ன தெரியும்?"

ஹவெலின் பேனா நின்றது. அவர் கண்ணும் கலங்கியது.

"அடப் பாவமே..."

மெரெரிட் எழுந்தாள். ஒன்பது வருடம் ஒரு செய்திக்காகக் காத்திருந்தாள். வந்திருக்கிறது. அவளுடைய ஃபோனில் ஏறி வந்திருக்கிறது. ஒருவரைக் காப்பாற்ற ஓடி வந்தவள் இன்னொருத்தியின் முன்னால் தட்டை வைக்க இரண்டு நிமிடம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

"ஹவெல், அவருக்குத் தெரியும். காலைலயே தெரியும். தெரிஞ்சுதான் மாத்தினார். என்கிட்ட இப்பதான் சொன்னார்."

ஹவெல் அவளைப் பார்த்தார். எம்ரிஸைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"விஷம்னு தெரிஞ்சவன் மேசைல உக்காந்து இன்னொரு தட்ட வழிச்சு நக்குவானா மெரெரிட்? நீ அதிர்ச்சில இருக்க. காலைலேருந்து உனக்கு நேரம் சரியில்ல. உயிரோட இருக்கற மனுஷன செத்துட்டார்னு போட்ட. இப்ப கொலகாரன்ங்கற. போய்ப் படு."

நோட்டுப் புத்தகம் மூடியது.

டாக்டர் தாளில் கையெழுத்துப் போட்டார். எம்ரிஸ் எழுந்து ஃபோனுக்குப் போனார். போதகருக்குச் சொன்னார். மைருக்குச் சொன்னார். லோவ்ரிக்குச் சொன்னார். திரும்பி வந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"புதைக்கறதா, எரிக்கறதா?" ஹவெல் மெதுவாகக் கேட்டார்.

"அவ ஆசப்படியே எரிச்சுரலாம். அத எழுதியே குடுத்திருக்கா."

"நன்றி அறிவிப்பு? செப்டம்பர் வரைக்கும் பேப்பர் இல்லையே."

"எதுக்கு இன்னொண்ணு? அதே போதகர், அதே டீ, அதே சாண்ட்விச்." எம்ரிஸ் மேசையில் கிடந்த இரண்டு வாய் குறைந்த டார்ட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ஊர்ல ஒருத்தர் விடாம எல்லாருக்கும் அவளே நன்றி சொல்லிட்டா ஹவெல்... நாப்பத்தொரு வருஷத்துல மொத தடவையா பரிமாறினவனுக்கு மட்டும்தான் சொல்லாமப் போயிட்டா."